அம்பூரியிலிருந்து கொண்டுவந்த பூக்கள்

பதினெட்டு வருடம் மஸ்கட்டில் வேலை பார்த்துவிட்டு நான் ஊருக்குத் திரும்பியபோது எனக்கு ஐம்பத்துமூன்று வயது. பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில், ரயில் போகும் சத்தம் சுவரில் கேட்கிற தூரத்தில் எங்கள் வீடு. மகள் பெங்களூரில் வேலைக்குப் போய்விட்டாள். மனைவி ஒரு கிளினிக்கில் லேப் டெக்னீஷியன். காலை எட்டு மணி பஸ்ஸுக்கு அவள் இறங்கிப் போனபின் மாலை ஐந்தரை வரை வீட்டில் நான் மட்டும்தான்.

வந்த முதல் மாதத்தில் ஒழுகிய குழாய்களையெல்லாம் சரி செய்தேன். இரண்டாம் மாதத்தில் ஒழுகாத குழாய்களைக் கழற்றினேன். கேட்டுக்குப் பச்சை பெயின்ட் அடித்து, பிடிக்காமல் மேலே சாம்பல் நிறம் அடித்தேன். சமையலறைச் சாமான்களை வரிசை மாற்றி வைத்ததில் மனைவி ஒரு வாரம் சீரகத்தைத் தேடினாள். ஒரு சாயங்காலம் பையைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னாள்:

“வீட்டுக்குள்ள கைய வைக்காதீங்க. வெளிய நெலம் கெடக்கு இல்லியா, அங்க எதாவது செய்யுங்க.”

அப்படித்தான் பாஷன் ஃப்ரூட் வந்தது. எங்கள் சர்ச் சபையைச் சேர்ந்த ஒருவர் குன்னத்துகாலில் இருக்கிறார். அவர் வீட்டுக் கொடியிலிருந்து வேர் பிடித்த ஆறு குச்சிகளைக் கவரில் போட்டுத் தந்தார். மஞ்சள் பழம் காய்க்கிற இனம். ஜூன் மழையில் வீட்டுக்குப் பின்னால் நட்டேன். பழைய இரும்புக் குழாய்களை ஊன்றி, கேபிள் டிவிக்காரர்கள் விட்டுப்போன கம்பிகளைக் குறுக்கும் நெடுக்கும் இழுத்துப் பந்தல் போட்டேன். அதைப் போட எனக்குப் பதினோரு நாள் ஆனது. இரண்டு நாள் வேலைதான், மற்ற நாட்களில் போட்டதைப் பிரித்து மறுபடி போட்டுக்கொண்டிருந்தேன்.

என்னைப் போல ஓர் இடத்தில் நிற்கத் தெரியாத செடி அது. காலையில் பார்க்கும்போது கம்பியைத் தொடாத சுருள், மத்தியானம் அதை இரண்டு சுற்று சுற்றியிருக்கும். டிசம்பரில் பந்தல் நிறைந்துவிட்டது. ஜனவரியில் துணி காயப்போடும் கயிற்றைப் பிடித்தது. மனைவியின் சேலை ஒன்றைச் சுருள்கள் பிடித்துக்கொள்ள, அவள் அதைக் கத்தரியால் விடுவித்தாள்.

மார்ச்சில் பூத்தது. மத்தியானம் சாப்பிட்டுக் கைகழுவப் போகும்போது கண்முன்னாலேயே பூக்கள் விரிந்தன. வெள்ளை இதழ்கள், அதன்மேல் ஊதாவும் வெள்ளையுமாக நூல்நூலாக ஒரு வட்டம், நடுவில் தூக்கி நிற்கிற பச்சைத் தண்டு, உச்சியில் மூன்று கொம்புகள். முதல் நாள் ஏழு பூ. அடுத்த வாரம் என்னால் எண்ண முடியவில்லை. இரவுக்குள் கூம்பிவிடும். அடுத்த நாளோ மறுநாளோ காம்போடு உதிர்ந்துவிடும். ஒன்றில்கூடக் காய் பிடிக்கவில்லை.

உரம் வைத்தேன். உரம் அதிகமாகிவிட்டதோ என்று தண்ணீர் விட்டுக் கழுவினேன். ஒருமணியிலிருந்து நாலுமணி வரை பந்தலுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய கருவண்டுகள் வந்தன, பூவுக்குள் தலையை விட்டன, முதுகெல்லாம் மஞ்சள் மகரந்தப் பொடியோடு போயின. அவை வேலை செய்கின்றன, காய் மட்டும் இல்லை. தரையெல்லாம் வாடிய பூ. பெருக்கப் பெருக்க விழுந்தது.

கடைசியில் ஒரு பூவையும் ஒரு கொத்து இலையையும் எடுத்துக்கொண்டு வேளாண்மை அலுவலகமான கிருஷி பவனுக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி என் மகளைவிடக் கொஞ்சம் மூத்தவள். மலையாளத்தில் ஆரம்பித்து, என் பேச்சைக் கேட்டுத் தமிழுக்கு மாறினாள்.

“அங்கிளே, ஆறு மூடு செடியும் எங்கேந்து கொண்டுவந்தது?”

“ஒரே வீட்லேந்து.”

“ஒரே கொடியில வெட்டின குச்சியா?”

“ஆமா.”

“அப்போ உங்க வீட்டில ஆறு கொடி இல்ல. ஒரு கொடிதான் ஆறு இடத்துல நிக்கிது. மஞ்சள் இனத்துக்கு அதுக்க சொந்தப் பொடி பிடிக்காது. வேற கொடியிலேந்து பூ கொண்டுவந்து தொட்டுக் கொடுக்கணும், அல்லெங்கில் வேற ஒரு மூடு நடணும்.”

புதுச் செடி நட்டுப் பூக்க இன்னும் ஒரு வருடம் ஆகும். எனக்கு ஒரு வாரம் காத்திருக்கத் தெம்பில்லை. பைக்கை எடுத்தேன். தனுவச்சபுரத்தில் இரண்டு வீடு, குன்னத்துகாலில் ஐந்தாறு வீடு, காரக்கோணம் பக்கம் ஒரு வீடு. சிலரிடம் இருந்தது கறுப்புப் பழத்து இனம். அதன் பூ காலையில் விரிந்து, என் பூ விரிகிற நேரத்தில் கூம்பிவிடும். மற்றவர்களிடம் மஞ்சள் இனம் இருந்தது. ஆனால் எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டால் எல்லோரும் அதே சபைக்காரரின் பெயரைச் சொன்னார்கள். அந்த மனிதர் ஊர் முழுக்க ஒரே கொடியை நட்டுவைத்திருந்தார்.

ஒரு ராத்திரிச் சாப்பாட்டின்போது மனைவி சாதாரணமாகச் சொன்னாள்:

“அம்பூரியில உங்ககூட வேல பாத்த ஆளு ஒருத்தர் உண்டே. கெணத்துக்கு மேல பாஷன் ஃப்ரூட் படந்து கெடக்குன்னு சொல்லுவியளே. அங்க போய்க் கேளுங்களேன்.”

“அது இப்ப பட்டுப்போயிருக்கும்,” என்றேன்.

“போகாம எப்படித் தெரியும்?”

நான் எழுந்து கைகழுவப் போய்விட்டேன். பதினைந்து நாளாக நான் பைக்கில் சுற்றியதெல்லாம் அந்த ஒரு வீட்டுக்குப் போகாமலிருப்பதற்காகத்தான் என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அந்த அம்பூரிக்காரர் மஸ்கட்டில் எங்கள் கம்பெனியில் பம்ப் ஆபரேட்டர். என்னைவிட ஆறேழு வயது இளையவர். கேம்ப்பில் என் அறைக்கு இரண்டு அறை தள்ளி இருந்தார். என்னை அண்ணன் என்று கூப்பிடுவார். லீவில் போய்த் திரும்பும்போது அவர் மனைவி காய்ச்சிய பாஷன் ஃப்ரூட் ஸ்குவாஷ் ஒரு பாட்டில் எனக்கென்று தனியாகக் கொண்டுவருவார். அந்தக் கொடியைப் பற்றி அவர் பேசிக்கேட்டே, பார்க்காத அந்தக் கிணறு எனக்குப் பழகிவிட்டிருந்தது.

நான் அங்கே ஸ்டோர் சூப்பர்வைசர். பம்பும் என் பொறுப்பில்தான். ஒரு நாள் காலை அவர் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது. “அண்ணே, காச்சல் அடிக்கி. இன்னைக்கு ஒரு நாள் கெடந்துக்கிடட்டா?” என்றார். மாற்று ஆள் இல்லை. “உச்ச வரைக்கும் சமாளி, அப்புறம் பாப்போம்,” என்றேன். மத்தியானம் ஆனபோது எனக்கு அது மறந்துபோய்விட்டது. இரண்டு மணிக்கு அவர் பம்ப் அறையில் அப்படியே தூங்கிப்போனார். தொட்டி நிறைந்து வழிந்து, தண்ணீர் ஸ்டோருக்குள் புகுந்து, அடுக்கியிருந்த சிமென்ட் மூட்டைகளில் பாதியைக் கல்லாக்கியது.

ரிப்போர்ட் எழுதியது நான். வேலை நேரத்தில் தூங்கினார் என்று எழுதினேன். காலையில் காய்ச்சல் என்று வந்து சொன்னதையும், நான் வேலைக்குப் போகச் சொன்னதையும் எழுதவில்லை. ஒரு வாரத்தில் அவரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். போகிற அன்று அறை வாசலில் வந்து நின்று, “வாறேன் அண்ணே,” என்றார். நான் போனில் யாருடனோ பேசுவதுபோல் கையை அசைத்தேன். மறுமுனையில் யாரும் இல்லை.

அது நடந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது.

மூன்று தடவை புறப்பட்டேன். முதல் தடவை காரக்கோணத்தில் டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். இரண்டாம் தடவை வெள்ளறடை வரை போய், வராத மழையைக் காரணம் சொல்லிக்கொண்டு வண்டியைத் திருப்பினேன். மூன்றாம் தடவை அங்கே நிறுத்தாமல் மேலே ஏறிவிட்டேன். ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே சாலை வளைந்து வளைந்து போயிற்று. பெட்டிக்கடையில் அவர் பெயரைச் சொன்னதும் கையைக் காட்டினார்கள்.

வீடு சரிவில் இருந்தது. கிணற்றுக்கு மேலே கம்பிவலை, வலைக்கு மேலே கொடி. பட்டுப்போகவில்லை. பச்சைக் காய்கள் தொங்கின, நடுவில் பூக்கள் விரியத் தொடங்கியிருந்தன. அவர் முற்றத்தில் ரப்பர் ஷீட்டுகளை அசைக்கயிற்றில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. நான் ஹெல்மெட்டைக் கழற்றினேன். அவர் கையிலிருந்த ஷீட்டைத் தொங்கவிட்டு முடித்துவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினார்.

“சாரா?” என்றார். “வழி தெரிஞ்சு வந்தியளா, தவறி வந்தியளா?”

அவர் என்னை சார் என்று அழைத்தது அதுதான் முதல் தடவை. வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த ஒரு வார்த்தையும் வாயில் வரவில்லை.

“பாஷன் ஃப்ரூட் பூ கொஞ்சம் வேணும்,” என்றேன்.

“பூவா?”

“எனக்க கொடியில காய் பிடிக்கேல்ல. வேற கொடியில உள்ள பூ வேணும்னு சொன்னாவ.”

அவர் என்னையே பார்த்தார். வாசலில் அவர் மனைவி வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் யாரென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. யாரும் உட்காரச் சொல்லவில்லை.

“அதுக்கு பதினோரு வருசம் கழிச்சு அம்பூரி வரைக்கும் வரணும்,” என்றார் அவர், யாரிடமோ சொல்வதுபோல.

பிறகு உள்ளே போய் ஒரு டிபன் பாக்ஸை எடுத்துவந்தார். கிணற்றுச் சுவரில் ஏறி நின்று நன்றாக விரிந்த பூக்களாகப் பார்த்துக் காம்போடு கிள்ளி, ஈரத் துணி விரித்து அடுக்கினார். பதினைந்து பூ இருக்கும்.

“வெயிலு படாம கொண்டுபோங்க. பொடி இருக்குத பக்கத்த உங்க பூவுக்க மேல நிக்கிய மூணு கொம்புலயும் தேய்க்கணும். சாயங்காலத்துக்கு முன்ன செய்யணும்.”

வாங்கிக்கொண்டேன். நன்றி என்றுகூடச் சொல்லவில்லை. வண்டியைக் கிளப்பி, இறக்கத்தில் எவ்வளவு வேகமாகப் போக முடியுமோ அவ்வளவு வேகமாகப் போனேன். பாக்ஸ் மடியில் இருந்தது. குன்னத்துகால் தாண்டியதும் ஒரு லாரிக்கு வழிவிட்டு மண்ணில் இறங்கியபோதுதான் வேகத்தைக் குறைத்தேன்.

மனைவி வந்தபோது நான் ஸ்டூலின்மேல் நின்றுகொண்டிருந்தேன். அம்பூரிப் பூவை விரலிடுக்கில் பிடித்து, என் பூ ஒவ்வொன்றின் கொம்பிலும் தொட்டுக்கொண்டிருந்தேன். அவள் கீழே நின்று ஸ்டூலைப் பிடித்தாள்.

“போனியளா? ஆளு எப்படி இருக்காரு?”

அப்போதுதான் சொன்னேன். மேலேயிருந்தபடியே, அவள் முகத்தைப் பார்க்காமல், காய்ச்சல் முதல் ரிப்போர்ட் வரை எல்லாவற்றையும். அவள் ஸ்டூலிலிருந்து கையை எடுக்கவில்லை.

“அவரு ஊருக்கு வந்தபின்ன அவருக்க பெண்டாட்டி இங்க போன் பண்ணினா,” என்றாள். “நீங்க லீவுக்கு வந்த சமயம். நீங்க அங்க இருந்து கையக் காட்டினிய. நான் குளிக்கியாருன்னு சொன்னேன். நாலு மட்டம் விளிச்சா. நாலு மட்டமும் நான் குளிக்கியாருன்னே சொன்னேன். என்னையும் கள்ளம் சொல்ல வச்சிய, இல்லியா?”

இரண்டு நாள் அவள் தேவைக்கு மட்டும் பேசினாள். மூன்றாம் நாள் காலை பஸ்ஸுக்கு இறங்கும்போது, “பூவ வாங்கினிய. சொல்ல வேண்டியத இன்னும் சொல்லேல்ல,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்குள் பந்தலில் பூ உதிர்ந்த இடங்களில் பச்சையாகக் கோலிக்குண்டு அளவுக்குத் தெரிய ஆரம்பித்திருந்தது. நான் தொட்டவற்றில் பதினாலு பிடித்திருந்தன. ஒவ்வொன்றையும் போய்ப் போய்ப் பார்த்தேன். பார்த்துக்கொண்டிருந்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது, ஆனால் அந்தச் சந்தோஷத்தோடு உட்கார்ந்திருக்க முடியவில்லை. அந்தச் சனிக்கிழமை டிபன் பாக்ஸைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு மறுபடி அம்பூரிக்குப் போனேன்.

இருவரும் இருந்தார்கள். அவர் கிணற்றடியில் கைகால் கழுவிக்கொண்டிருந்தார். அவள் படியில் உட்கார்ந்து மரச்சீனிக்கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தாள். பாக்ஸைப் படியில் வைத்தேன். இந்தமுறை எதையும் யோசித்து வைக்கவில்லை.

“அன்னைக்கு காலம்பற காச்சல்னு வந்து சொன்னது எனக்கு ஓர்ம உண்டு,” என்றேன். “நான்தான் வேலைக்குப் போகச் சொன்னேன். ரிப்போர்ட்ல அத எழுதேல்ல.”

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். மெதுவாகத் துடைத்தார்.

“எதுக்கு எழுதேல்ல?”

“எழுதினா என்னையும் அனுப்பிருவாவளோன்னு பயம்.”

கிழங்கை வைத்துவிட்டு அவர் மனைவி பேசினாள். “அப்போ பயம். பின்ன இத்தற வருசம் என்னதாக்கும்?”

நான் படியில் வைத்த பாக்ஸை ஓரமாக நகர்த்தி வைத்தேன்.

“சபையில எல்லாரும் நான் குடிச்சிட்டுக் கெடந்தேன்னு பேசினாவ,” என்றார் அவர். குரலை உயர்த்தவில்லை. “நான் இல்லேன்னு சொன்னா ஆரு கேப்பா? காச்சல்னு சொன்னா, பின்ன சூப்பர்வைசர்ட்ட சொல்லலாம்லான்னு கேப்பாவ. சொன்னேன்னு சொன்னா சிரிப்பாவ. அங்கேந்து கொண்டுவந்த மருந்துச் சீட்டக்கூட எடுத்துக் காட்டினேன். இவளே ஒருக்கா கேட்டா, நெசமா குடிக்கேல்லியான்னு.”

அவர் மனைவி எழுந்தாள். தோலுரித்த கிழங்குகளையும் தோலையும் ஒரே பாத்திரத்தில் வாரிப் போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

“கேட்டியா?” என்று அவள் போன பக்கம் பார்த்துச் சொன்னார். அதில் கோபமும் இல்லை, ஜெயித்ததுபோலவும் இல்லை. களைப்புதான் இருந்தது. உள்ளே பாத்திரம் ஒன்று தரையில் அழுத்தி வைக்கப்படும் சத்தம் கேட்டது.

“மாப்பு கேக்கதுக்கு வந்தியளோ?” என்றார்.

“ஆமா.”

“கேட்டாச்சு இல்லியா. பூ வேணும்னா பறிச்சுக்கோங்க.”

கிணற்றுச் சுவரில் நானே ஏறி, ஐந்தாறு பூவை மட்டும் பறித்தேன். அதற்கு மேல் பறிக்கக் கை வரவில்லை. புறப்படும்போது அவர் வீட்டுக்குள் போயிருந்தார்.

மே மாதம் கடைசியில் முதல் பழம் விழுந்தது. மஞ்சள் நிறத்தில், கையில் எடுத்தால் கனமாக. மனைவியும் நானும் அதைச் சமையலறை மேடையிலேயே வெட்டிக் கரண்டியால் சாப்பிட்டோம். எனக்குப் பல் கூசியது. அவள் சர்க்கரை போட்டுக்கொண்டாள். அடுத்த பத்து நாளில் விழுந்தவற்றில் ஒன்பதைப் பையில் போட்டு, “இத அங்க கொண்டு குடுங்க. நான் தந்தேன்னு சொல்லுங்க,” என்றாள்.

அன்று அவர் வீட்டில் இல்லை, ஷீட் விற்கப் போயிருந்தார். அவர் மனைவி பையை வாங்கிக்கொண்டு, யார் தந்தது என்று நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, வராந்தாவில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். பால் விடாத கட்டன்சாயா கொண்டுவந்தாள். நான் இரண்டு வாயில் குடித்து முடித்துவிட்டு எழுந்தேன்.

“இரியுங்க. அவிய வாற நேரந்தான்,” என்றாள். கொஞ்சம் கழித்து, “அன்னைக்கு நீங்க போனபின்ன நான் அவியகிட்ட நெறைய கேட்டேன். அவியளும் சொன்னாவ. அதுக்கு முன்ன நாங்க அதப்பத்திப் பேசினதே இல்ல,” என்றாள். அவளுடைய கோபம் முழுவதும் போய்விட்டது என்று எனக்குத் தோன்றவில்லை. அது போக வேண்டும் என்று கேட்கிற இடத்திலும் நான் இல்லை.

அவர் வந்து, பையைப் பார்த்து, பாக்கெட் கத்தியால் ஒரு பழத்தைப் பிளந்து நக்கிப் பார்த்தார்.

“புளிப்பு. வெயிலு போதாது. பந்தலுக்கு மேல மரம் வல்லதும் நிக்கா?”

“தெக்குப் பக்கம் ஒரு பிலாவு உண்டு.”

“கொம்பு எறக்கணும். ஒரு நாள் வாறேன்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வேறு எங்கும் போகாமல் வீட்டுக்கு வந்து கேட்டைத் திறந்து வைத்தேன். அவர் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. போன் பண்ண நம்பரை எடுத்து எடுத்து வைத்தேன். ஜூலையில், வீட்டில் இருக்க முடியாமல், தனுவச்சபுரம் பக்கத்தில் ஒரு கல்லூரி பஸ்ஸுக்கு டிரைவராகப் போகத் தொடங்கினேன். காலையும் மாலையும் ஓட்டம். ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்போது மனது கொஞ்சம் அடங்கியது.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை, மனைவிக்கு லீவு. நான் வேலையில் இருந்த நேரத்தில் அவர் வந்திருக்கிறார். அரிவாளும் கயிறும் கொண்டுவந்து, தானே பலாமரத்தில் ஏறி மூன்று கிளைகளை இறக்கி, கொடியிலும் பாதியை வெட்டித் தள்ளியிருக்கிறார். பந்தலின் ஓரத்தில் தன் கொடியிலிருந்து வேர் பிடித்த ஒரு குச்சியை நட்டுவிட்டு, கொஞ்சம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார். சாப்பிடக் கூப்பிட்டதற்கு நிற்கவில்லையாம்.

“நான் வாறவரைக்கும் இருக்கச் சொல்ல வேண்டியதுதானே?” என்று கேட்டேன்.

“சொன்னேன். நீங்க எத்தற மணிக்கு வருவியன்னு கேட்டாரு. நாலரைக்குன்னேன். அப்போ நான் நாலுக்கு எறங்குதேன்னு சொன்னாரு,” என்றாள் மனைவி.